வீட்டுக் குளத்து நீர்ச்செடிகளுக்கு எருவிடும் முறை

பெயரளவில் நெல்லித்தோப்பு இன்னமும் தோப்புதான். புதுச்சேரி நகரத்தோடு கலந்துவிட்ட இப்பகுதியில் இன்று வீடும் வீடும் சுவரொட்டி நிற்கின்றன. ஏர் பூட்டுவதற்கு இங்கே நிலமில்லை. ஆயினும் கொல்லைப்புறத்தில் ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழமுள்ள ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிக்கொள்ள இடம் கிடைக்கும் வீடுகள் உண்டு. அத்தொட்டி சுமார் ஆயிரம் லிட்டர் நீர் கொள்ளும். அதில் இரண்டு தாமரைக் கிழங்கையும் ஓர் அல்லிக் கிழங்கையும் இட்டு வளர்த்தால் பூசைக்குப் பூ கிடைக்கும். வீட்டுக்கு ஒரு குளிர்ச்சியும் உண்டாகும். மாடு வைத்திருப்பவர் அதே அளவுள்ள மற்றொரு குழியில் அசோலா என்னும் மிதவைச் செடியை வளர்த்துத் தீவனத்தோடு சேர்க்கலாம்.

இவ்வளவு எளிய காரியம் பல வீடுகளில் ஏன் பாழாகிறது? பெரும்பாலும் எருவினால்தான். செடி பூக்கவில்லையென்று கண்டதும் ஒரு கூடை சாணத்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். வயலுக்கு எரு இட்டால் பயிர் செழிக்கும் என்ற தலைமுறை அனுபவமே இதற்குக் காரணம், அதில் குற்றமில்லை. ஆனால் சில நாட்களில் நீர் பச்சையாகிறது. பின்னர் நாற்றம் எழுகிறது. விட்டிருந்த மீன்கள் விடியற்காலையில் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கின்றன. கொசு பெருகி அண்டை வீட்டார் முறையிட, அடுத்த மாதம் தொட்டியில் மண் கொட்டி மூடப்படுகிறது. தாமரைக்கு எரு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். தாமரையைப்போல் எருப்பசி கொண்ட நீர்ச்செடி வேறில்லை என்றே சொல்லலாம். எருவை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்பவைதாம் அறிய வேண்டியவை.

நீருக்கு எருவிட்டால் உண்பது யார்?

நீர்ச்செடிகள் யாவும் ஒரே வகையின அல்ல. தாமரை, அல்லி, செவ்வல்லி, நீலோற்பலம் ஆகியவை சேற்றில் வேரூன்றி, இலையை நீர்மேல் விரிப்பவை. இவற்றின் உணவு பெரும்பகுதி சேற்றிலிருந்தே கிடைக்கிறது. அசோலா, ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை ஆகியவை வேரை நீரில் தொங்கவிட்டு மிதப்பவை. நீரில் கரைந்துள்ளதே இவற்றுக்கு உணவு. வேலம்பாசி போன்ற மூழ்கு செடிகள் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

சேற்றில் வேரூன்றிய தாமரைக்கென்று நீரில் எருவைக் கரைத்தால், அதை முதலில் உண்பது தாமரையன்று; கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியே. பாசிக்கு வேர் வேண்டா, தண்டு வேண்டா. வெயிலும் உணவும் கிடைத்தால் நாளுக்கு நாள் இரட்டித்துப் பெருகும். தாமரை ஓர் இலை விடுவதற்குள் பாசி தொட்டி முழுவதையும் பற்றிக்கொள்ளும்.

பாசிக்கு எவ்வளவு உணவு போதும் என்பதைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்தின் மூலப்பொருள், இருந்தாலே அது பாசி மிகுந்த நீராகிவிடும். நமது ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 100 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சாதாரண சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு பாஸ்பரஸ் உள்ளது. எனவே ஏறத்தாழ ஒன்றரை கிராம் சூப்பர் பாஸ்பேட், இரு விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை, தொட்டி முழுவதையும் பச்சையாக்கப் போதுமானது. ஒரு பிடி அள்ளி வீசுபவர் எத்தனை தொட்டிக்கான உணவை வீசுகிறார் என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதனை ஒரு பெரிய ஏரியிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் 226 என்ற எண்ணுடைய ஏரியை 1973-ஆம் ஆண்டில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு திரையால் இரண்டாகத் தடுத்தனர். இரு பாதிகளுக்கும் கரியும் நைட்ரஜனும் சேர்த்த உணவு இடப்பட்டது. ஒரு பாதிக்கு மட்டும் பாஸ்பரஸும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. அந்தப் பாதி மட்டுமே பச்சைப் பாசியால் மூடிக்கொண்டது. மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் உலகெங்கும் பரவி, சலவைத் தூள்களில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்கள் பல நாடுகளில் எழுவதற்குத் துணை செய்தது. துணி துவைத்த நீர் பூந்தொட்டியில் விழும்படி வைத்திருக்கும் வீட்டினர் இதைக் கருத்திற் கொள்வது நலம்.

சாணத்தின் கணக்கும் இத்தகையதே. நம் நாட்டில் கெண்டை மீன் வளர்க்கும் குளங்களுக்கு ஆண்டொன்றுக்கு ஹெக்டேருக்குப் பத்து முதல் பதினைந்து டன் சாணம் இடுவது வழக்கம். அங்கே பாசியும் நுண்ணுயிரும் பெருகி மீனுக்கு உணவாக வேண்டும் என்பதே நோக்கம். அப்படி வேண்டுமென்றே பாசி வளர்க்கும் குளத்திற்குக்கூடச் சதுர மீட்டருக்கு ஆண்டு முழுவதும் ஒன்று முதல் ஒன்றரை கிலோவே ஆகிறது. அதுவும் தவணை தவணையாக. நமது தொட்டியின் பரப்பு ஒன்றே முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்துக் கிலோ கொண்ட ஒரு கூடைச் சாணம் நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குரிய எருவை ஒரே நாளில் இட்டதாகும்.

இத்துடன் நிற்பதில்லை. சாணம் நீரில் அழுகும்போது நீரிலுள்ள பிராண வாயுவை உண்டுவிடுகிறது. பகலில் பாசி பிராண வாயுவை வெளியிட்டாலும் இரவில் அதுவும் சேர்ந்து சுவாசிக்கிறது. ஆகவே விடியற்காலையில் நீரில் காற்று மிகக் குறைந்திருக்கும். மீன்கள் அந்நேரத்தில் மேலே வந்து திணறுவதன் காரணம் இதுவே.

சேற்றின் இயல்பு

குளத்துச் சேற்றைக் கையால் கிளறிப் பார்த்தவர்கள் இரண்டு நிறங்களைக் கண்டிருப்பார்கள். மேற்புறத்தில் மெல்லிய பழுப்பு நிற ஏடு. அதன் கீழே சாம்பல் அல்லது கருமை நிறம். மேலேட்டில் காற்று உண்டு, கீழே இல்லை. யூரியாவைச் சேற்றின் மேல் தூவினால் அது அம்மோனியாவாகி, மேலேட்டின் காற்றால் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் கீழே இறங்கிக் காற்றில்லாப் பகுதியை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகின்றன. வாயு குமிழியிட்டுப் போய்விடுகிறது. பணமும் அதனுடன் போகிறது. அதே உரத்தை முதலிலேயே கருஞ்சேற்றுக்குள் புதைத்தால் அம்மோனியா களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வேருக்காகக் காத்திருக்கும். நெல்வயலில் இவ்வுண்மையை ஜப்பானிய விஞ்ஞானிகள் முதலில் விளக்கிக் காட்டினர். பிற்காலத்தில் வங்காள தேசத்து உழவர்கள் யூரியாவைக் கட்டிகளாக அழுத்தி நாற்றுகளுக்கிடையே சேற்றில் புதைக்கும் முறையைப் பெருவாரியாகக் கைக்கொண்டனர். வயலுக்குப் பொருந்தும் இவ்விதி தாமரைத் தொட்டிக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

பாஸ்பரஸின் கதை வேறு விதமானது. பழுப்பு ஏட்டிலுள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே கசிய விடுவதில்லை. ஆனால் மேலே சாணம் அழுகிக் காற்று அற்றுப்போனால் அப்பூட்டு திறந்துவிடும்; சேற்றில் அடங்கியிருந்த பாஸ்பரஸும் நீரில் கலந்துவிடும். பச்சையான நீரை வாரிக் கொட்டிப் புதுநீர் நிரப்பினாலும் பத்து நாளில் மீண்டும் பச்சையாகிறதே என்று வருந்துவோர் பலர். நீரை மாற்றினார்கள்; அடியில் அழுகும் பொருளை மாற்றவில்லை. அதுவே காரணம்.

காற்றில்லாத சேற்றில் கிழங்கு எப்படி உயிர் வாழ்கிறது என்ற ஐயம் எழலாம். 1980-ஆம் ஆண்டில் ஜான் டேசி என்ற அமெரிக்க விஞ்ஞானி மஞ்சள் ஆம்பல் ஒன்றை ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். வெயிலில் சூடேறும் இளம் இலைகள் காற்றை உள்ளிழுத்துக் காம்பின் குழல்கள் வழியே கிழங்குக்கு அனுப்புகின்றன. முதிர்ந்த இலைகளின் வழியே அது வெளியேறுகிறது. ஒரே இலை நாளொன்றுக்கு 22 லிட்டர் வரை காற்றைக் கீழே செலுத்துவதாக அவர் அளந்தார். தாமரையிலும் இத்தகைய காற்றோட்டம் உண்டு. தாமரைத் தண்டை ஒடித்தால் காணும் துளைகள் இதற்காகவே அமைந்தவை. ஆகையால் எருவிடும் ஆவலில் இலைகளைச் சகட்டுமேனிக்குக் கத்தரிப்பது கிழங்கின் மூச்சை நிறுத்துவதாகும். மஞ்சளித்த இலையை மட்டும் நீக்குக; அதன் காம்பு நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி வெட்டுக.

தொட்டியும் மண்ணும்

புதிய சிமெண்டுத் தொட்டியில் உடனே செடி வைக்கலாகாது. சுண்ணாம்பு கசிந்து நீரைக் காரமாக்கும். நீர் நிரப்பிச் சில நாள் வைத்து வெளியேற்றுவதை மூன்று நான்கு முறை செய்தபின் பயன்படுத்துக.

செடியைத் தொட்டியின் அடிமண்ணில் நேராக நடுவதைவிட, அடியில் துளையில்லாத அகன்ற பாத்திரத்தில் நட்டுத் தொட்டிக்குள் இறக்கி வைப்பதே மேல். எருவைக் கட்டுப்படுத்துவதும் எளிது. பிறகு தூக்கிப் பிரித்து நடுவதும் எளிது. அல்லிக்கு ஒன்றரையடி அகலமுள்ள பாத்திரம் போதும். தாமரைக்கு இரண்டடி அகலமும் ஓரடி ஆழமும் வேண்டும். அது வட்டமாக இருத்தல் அவசியம். தாமரைக் கிழங்கு பக்கவாட்டில் ஓடும் இயல்புடையது. மூலையுள்ள பாத்திரத்தில் அதன் நுனி மூலையில் முட்டி முறிந்துபோகும்.

மண், ஏரி வண்டலும் களிமண்ணும் கலந்ததாக இருக்கட்டும். பூந்தொட்டிகளுக்குத் தயாரிக்கும் இலைமக்கு மண் இதற்கு ஆகாது. அது மிதக்கும், அழுகும். பாத்திரத்தின் அடியில் ஓராண்டு மக்கிய தொழுவுரத்தை மண்ணில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இடுக. அத்துடன் ஒரு பிடி எலும்புத்தூள் சேர்க்கலாம். அதன்மேல் எருக் கலவாத களிமண்ணை அரையடிக்குக் குறையாமல் நிரப்பி, மேலே இரண்டு விரற்கடை ஆற்றுமணல் பரப்புக. இம்மணல் எரு மேலே கிளம்பாமலும் மீன் கிளறாமலும் காக்கும். வேப்பம்புண்ணாக்கு இடுவோரும் உளர். அடியில் ஒரு பிடிக்கு மேற்படாமல் இட்டு, நீர் நிரப்பிப் பதினைந்து நாள் புளிக்க விட்ட பிறகே கிழங்கை நட வேண்டும். புளிக்கும் புண்ணாக்கின் சூட்டில் இளங்கிழங்கு வெந்துபோகும்.

தாமரையை விதையிலிருந்தும் வளர்க்கலாம். அதன் ஓடு நீரை உட்புக விடாதது. சீனத்தின் வறண்ட ஏரி ஒன்றிலிருந்து எடுத்த, ஏறக்குறைய 1,300 ஆண்டு வயதுடைய விதை முளைத்ததென்றால் அவ்வோட்டின் வலிமை விளங்கும். விதையின் ஒரு முனையைச் சொரசொரப்பான தரையில் உள்ளிருக்கும் வெண்மை தெரியுமளவுக்குத் தேய்த்து நீரிலிட்டால் ஒரு வாரத்திற்குள் முளை காணலாம்.

எருவுருண்டை

நட்டபின் தொடர்ந்து எருவிடும் முறைக்கு வருவோம். தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துக்களும் சமமாகக் கலந்த 17:17:17 என்னும் கலப்புரம் கடைகளில் கிடைக்கிறது. இதில் பத்துக் கிராம் எடுத்து, பிசைந்த களிமண்ணின் நடுவே வைத்து மூன்று எலுமிச்சங்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, நிழலில் அரைநாள் உலர்த்துக. செடியின் குருத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்று பக்கங்களில், விரல் முழுவதும் இறங்கும் ஆழத்துக்கு உருண்டையைப் புதைத்துத் துளையை மண்ணால் மூடிவிடுக. பதினைந்து கிலோ மண் கொண்ட ஒரு பாத்திரத்திற்கு மாதம் ஒருமுறை இவ்வளவு போதும். உருண்டையைச் செய்தித்தாளில் பொதிந்து வைத்தால் நீரில் இறக்கும்போது கரையாது.

அல்லிக்கு நான்கைந்து இலை விரிந்தபின் இதைத் தொடங்கலாம். தாமரைக்கு அவசரம் கூடாது. அது முதலில் நீர்மேல் படியும் சிறு இலைகளை விடும். அவை கிழங்கின் சேமிப்பில் வளர்பவை. பின்னர் காம்பு உயர்ந்து காற்றில் நிமிர்ந்து நிற்கும் இலை தோன்றும். அவ்விலை இரண்டு மூன்று காணும் வரையில் உரம் எதுவும் புதைக்கலாகாது. வேர் ஓடாத நிலையில் உரம் பட்டால் கிழங்கு கருகும்.

நமது பகுதியின் பருவத்தையும் கருத வேண்டும். மாசி, பங்குனியில் நட்டால் கோடையின் வெயில் முழுவதும் செடிக்குக் கிடைக்கும். ஆவணி வரையில் மாதந்தோறும் உருண்டை வைக்கலாம். புதுச்சேரிக்கு மழை மிகுதியாகக் கிடைப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில். அப்போது வானம் மூடியிருக்கும். தொட்டியும் நிரம்பி வழியும். அம்மாதங்களில் எரு இடுவது வாய்க்காலுக்கு எரு இடுவதாகும். மார்கழி, தை மாதங்களில் தாமரை இலை காய்ந்து ஓய்வெடுக்கிறது. அதன் ஓய்வைக் கெடுக்க வேண்டா.

இலையைப் பார்த்தே செடியின் பசியை அறியலாம். பழைய இலைகள் சீராக மஞ்சளித்தால் தழைச்சத்து போதவில்லை. இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு மிகுந்த கடின நீரால் இது வரும். மழைநீரைப் பிடித்துத் தொட்டியில் சேர்த்தால் பெரும்பாலும் குணமாகும். இலை பெரிதாகத் தழைத்தும் பூ இல்லையெனில் எருவைக் கூட்டுமுன் வெயிலைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஆறுமணி நேர நேர்வெயில் படாத இடத்தில் எவ்வளவு எருவிட்டாலும் தாமரை பூக்காது. நெல்லித்தோப்பு போன்ற நெருக்கமான பகுதிகளில் மதில் நிழலே பெரிய இடையூறு. இதனால்தான் மொட்டை மாடிக்குத் தொட்டியைக் கொண்டுசெல்லும் வழக்கம் வந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் கேரளத்தில் மாடித் தாமரை வளர்ப்பு வெகுவாகப் பரவியது. ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை என்பதை மட்டும் மறவாமல், மாடிக்குச் சிறு பாத்திரங்களையே கொண்டுசெல்க.

முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் ஒரு செய்தியை இங்கே சொல்லலாம். பிரான்சு நாட்டின் தெற்கே லாத்தூர்-மார்லியாக் என்பவர் 1875-இல் ஓர் அல்லிப் பண்ணையை நிறுவினார். குளிர் தாங்கும் ஐரோப்பிய அல்லி அதுவரை வெள்ளை நிறமே கொண்டிருந்தது. அவர் பல நாட்டு இனங்களைக் கலந்து மஞ்சளும் செம்மையுமான அல்லிகளை உண்டாக்கி 1889-இல் பாரிசு உலகக் கண்காட்சியில் வைத்தார். ஓவியர் மோனே தம் குளத்திற்கு வாங்கியது அப்பண்ணையின் செடிகளையே. நமக்குச் செவ்வல்லியும் நீலோற்பலமும் ஏரியிலேயே இயற்கையாகப் பூக்கின்றன. விலை கொடுத்து வெளிநாட்டுச் செடி வாங்கித்தான் தொட்டியை அழகுபடுத்த வேண்டும் என்பதில்லை.

நீர் பச்சையாகிவிட்டால்

மருந்தைத் தேட வேண்டாம். எருவிடுவதை நிறுத்துக. அடியில் அழுகும் இலை, சாணம் முதலியவற்றை வாரி எடுத்துவிடுக. நீரில் கால்பங்கை மாற்றுக. இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடும் வரை பொறுத்திருங்கள். நிழல் விழுந்ததும் பாசி தானே அடங்கும். துருசு கரைத்து ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பாசியைக் கொல்வது உண்மை. மீனையும் கொல்லும், இறந்த பாசி அழுகி மீண்டும் அதே பாஸ்பரஸை நீருக்கே திருப்பித் தரும்.

அசோலாவுக்கு வேறு விதி

சேற்றுச் செடிக்கு நீரில் எருவிடாதே என்று இதுவரை கூறினோம். மிதவைச் செடியான அசோலாவுக்கோ நீரில்தான் எருவிட வேண்டும், வேறு வழியில்லை.

அசோலா ஒரு சிறு பெரணி. அதன் இலைக்குழியில் நீலப்பச்சைப் பாசி ஒன்று குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அதற்கு ஊட்டுகிறது. ஆகவே யூரியா அதற்குத் தேவையில்லை, மணிச்சத்தே தேவை. வடவியட்நாமின் நெல்வயல்களில் இச்செடியைத் தலைமுறை தலைமுறையாகத் தழையுரமாக வளர்த்து வந்தனர். சைகோன் நகரில் வேலை பார்த்துத் திரும்பிய முன்னோரைக் கொண்ட புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்நாடு புதிதன்று. நம் நாட்டில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் இதை நெல்லுக்கு உரமாக ஆராய்ந்தது. பின்னர், கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டத்தைச் சேர்ந்த கமலாசனன் பிள்ளை, பிளாஸ்டிக் விரிப்பு இட்ட குழியில் குறைந்த செலவில் அசோலாவை வளர்த்துக் கால்நடைக்குக் கொடுக்கும் முறையை வகுத்துப் பரப்பினார்.

அம்முறை வருமாறு: இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இருபது சென்டிமீட்டர் ஆழமுமுள்ள குழியில் விரிப்பை இட்டு, சலித்த மண் பத்து முதல் பதினைந்து கிலோ பரப்புக. இரண்டு கிலோ சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் பத்து லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, பத்து சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிரப்புக. அரை முதல் ஒரு கிலோ வித்து அசோலாவைத் தூவினால் பத்துப் பதினைந்து நாளில் குழி நிறைந்துவிடும். அதன்பின் நாள்தோறும் 500 முதல் 600 கிராம் அள்ளலாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் ஒரு கிலோ சாணமும் சேர்க்க வேண்டும். பத்து நாளுக்கொரு முறை நீரில் கால்பங்கும், மாதம் ஒருமுறை மண்ணில் ஐந்து கிலோவும் மாற்றப்பட வேண்டும். செடி சிவந்து வேர் நீண்டால் மணிச்சத்துக் குறைவு அல்லது வெயில் மிகுதி. 35 டிகிரிக்கு மேல் வெப்பம் போகும் கத்திரி வெயிலில் தென்னங்கீற்று நிழலோ வலையோ இல்லாமல் இச்செடி நிற்காது. குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுக.

அசோலாவின் பலனைக் குறித்து மிகையாகப் பேசப்படுவதால் ஒரு கணக்கையும் இங்கே தர வேண்டியிருக்கிறது. உலர்ந்த அசோலாவில் நூற்றுக்கு இருபது முதல் இருபத்தைந்து பங்கு புரதம் உண்டென்பது உண்மையே. ஆனால் அள்ளும்போது அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு அளவுக்கு நீர்தான். அரைக்கிலோ ஈர அசோலாவில் 30 கிராம் உலர்பொருள். அதில் புரதம் ஏழு கிராம் அளவே. ஒரு கிலோ கடலைப்புண்ணாக்கில் 400 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆகவே ஒரு குழியை நம்பிப் புண்ணாக்கை அடியோடு நிறுத்தும் பால்காரக் குடும்பம் பாலில் இழப்பைக் காணும். தாது உப்பும் உயிர்ச்சத்தும் கலந்த துணைத்தீவனமாகக் கருதுவதே சரி. நாலைந்து கோழி வளர்க்கும் வீட்டுக்கு ஒரு குழி உண்மையிலேயே பெருந்துணை. பசுவுக்கு நாள்தோறும் இரண்டு கிலோ கொடுக்க வேண்டுமானால் நான்கு குழிகள் வேண்டும் என்பதைத் தொடங்குமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சாக்கடை நீரில் வளர்ந்த அசோலாவைக் கால்நடைக்குத் தரலாகாது. நீரிலுள்ள ஈயம் முதலிய நச்சு உலோகங்களை அது தன்னுள் சேர்த்துவைக்கும்.

வித்துச் செடியும் மண் பரிசோதனை பற்றிய ஆலோசனையும் வேண்டுவோர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இன்று அது குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் பெயரால் இயங்குகிறது.

கொசுவும் எருவும்

எருக் கலந்த தேங்கு நீர், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு மிகவும் உகந்த இடம். தெளிந்த நீர்த்தொட்டியோ டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு உகந்தது. நமது வெப்பத்தில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். யானைக்கால் நோய் புதுச்சேரியை நீண்ட காலம் வாட்டியது. 1975-இல் இங்கு நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை இந்நகரிலேயே கொசுவின் பிறப்பிடங்களை ஒழிக்கும் பெருமுயற்சியை நடத்தியது.

அம்மையம் கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் 1980-களில் செய்த பணி நமது பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. அங்குள்ள வீட்டுக் குளங்களில் தென்னைக்குத் தழையுரமாக ஆகாயத்தாமரையை வளர்த்து வந்தனர். யானைக்கால் நோயின் மற்றொரு வகையைப் பரப்பும் மான்சோனியா என்னும் கொசுவின் புழு, இச்செடியின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றையே சுவாசிக்கிறது. அது மேலே வருவதேயில்லை. ஆகையால் எண்ணெய் தெளித்தாலும் சாகாது. வேர்க்கற்றைக்குள் ஒளிந்திருப்பதால் மீனுக்கும் எளிதில் அகப்படாது. செடியை அகற்றினாலன்றிக் கொசு ஒழியாது. ஆனால் உரம் தரும் செடியை எடுத்தெறி என்றால் எந்த உழவர் கேட்பார்? ஆகவே செடியை நீக்கிய குளத்தில் மீன் வளர்த்து வருவாய் காண வழி செய்து கொடுத்தனர். மக்கள் தாமே குளத்தைச் சுத்தம் செய்ய முன்வந்தனர். கட்டளையைவிட வருவாய் வலியது என்பது நமது சுகாதார அதிகாரிகள் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி.

ஆதலால் அழகுக்கென்று ஆகாயத்தாமரையையோ வெங்காயத்தாமரையையோ தொட்டியில் விடவே வேண்டா. தாமரைத் தொட்டியில் பத்துப் பதினைந்து கப்பி மீன்களை விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். இலைக்கு வெளியே திறந்த நீர் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் அவை எங்கும் சென்று மேயும். அசோலாக் குழியில் சாணநீர் இருப்பதால் மீன் நிலைக்காது. அங்கே செடி இடைவெளியின்றிப் பரந்திருக்க வேண்டும். அள்ளும்போது ஒரே மூலையில் அள்ளாமல் பரவலாக அள்ளுக. குழியின்மேல் கொசுவலை கட்டுவது மேலும் பாதுகாப்பு. வாரம் ஒருமுறை வெள்ளைக் கிண்ணத்தில் நீர் முகந்து நெளியும் புழு உண்டா என்று பார்க்க வேண்டும். கண்டால், பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்தை உறையில் கண்ட அளவில் தெளிக்கலாம். இது கொசுப்புழுவைக் கொல்லும், செடிக்கும் மீனுக்கும் தீங்கு செய்யாது. இதன் ஒரு வகையை மேற்கூறிய புதுச்சேரி மையமே உருவாக்கியிருக்கிறது.

பிரித்து நடுதல்

ஆண்டுக்கு ஒருமுறை, தை மாத முடிவில், பாத்திரத்தைக் கவிழ்த்துக் கிழங்குகளைப் பிரித்துப் புது மண்ணில் நட வேண்டும். இரண்டு மூன்று கணுவும் முறியாத நுனியும் உள்ள கிழங்கே நடுவதற்கு ஏற்றது. மிஞ்சிய கிழங்கை அண்டை அயலாருக்குக் கொடுக்கலாம். மிஞ்சிய அசோலாவையோ வேறு மிதவைச் செடிகளையோ உப்பனாற்று வாய்க்காலிலும், 2008-இல் பறவைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியிலும் எறிதல் ஆகாது. வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடுக. பாத்திரத்தின் பழைய கருஞ்சேற்றை இரண்டு நாள் காயவைத்தால் நாற்றம் நீங்கும். அதை வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ அடியில் கொட்டி மண்ணால் மூடிவிடலாம்.